முயலுக்கும் அணிலுக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி: எந்த போர் வாங்கலாம்?

பேரையூர் வட்டத்தில், சாப்டூர் மலைக்குக் கிழக்கே, எங்களுக்கு மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அந்த நிலத்தின் பயிர்ப் பாதுகாப்புக்காக என் தாத்தா வாங்கிய பன்னிரண்டு போர் (போர் என்பது குழலின் அளவு) ஒத்தக்குழல் துப்பாக்கி, அப்பா காலத்தைக் கடந்து என் பெயருக்கு மாறி, இப்போது முப்பத்தைந்து ஆண்டுகளாக என் உரிமத்தில் இருக்கிறது. ஆகவே, அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் குடியிருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் தொலைபேசியில், "மாமா, முயலுக்கும் அணிலுக்கும் ஒத்தக்குழல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எந்த போர் வாங்கட்டும்?" என்று கேட்டபோது, யோசிக்காமல் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். நான் அறிந்தது அது ஒன்றுதான். பிறகு அங்கே போய் ஆறு வாரம் தங்கி, பன்னிரண்டு, இருபது, ஃபோர்-டென் என்று சொல்லும் .410 ஆகிய மூன்று அளவுகளையும் காகிதத்திலும் காட்டிலும் சுட்டுப் பார்த்த பின், சொன்ன பதிலை நானே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அவனுக்கு வாங்கிக் கொடுத்தது இருபது. அதற்கான காரணங்களே இந்த மதிப்புரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. முயல், கௌதாரி, காடை எதுவும் அதற்கு விலக்கல்ல. என் கையில் இருக்கும் உரிமம் பயிரைக் காப்பதற்கானதே தவிர, கறிக்கானதன்று. நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனாலும் நாமாகச் சுட்டுவிட முடியாது. தமிழக அரசு 2025ஆம் ஆண்டு சனவரியில் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பும் வனத்துறையினருக்கே உரியது. மயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, நான் இங்கே பேசும் சிறுவேட்டை முழுவதும் அது சட்டப்படி நடக்கும் மிசௌரியைச் சேர்ந்தது. அங்கே அணிலுக்கு மே மாதக் கடைசி வாக்கில் தொடங்கி பிப்ரவரி 15 வரை பருவம், நாளொன்றுக்குப் பத்து. முயலுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 15 வரை, நாளொன்றுக்கு ஆறு. 1967 சனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருந்தால்தான் உரிமம் கிடைக்கும். அக்கா மகன் வகுப்புக்குப் போனான். நான் வயதால் தப்பினேன். ஆனாலும் சுற்றுலா விசாவில் போயிருப்பவர் அந்நாட்டில் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டுமானால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதால், வெளியூர்க்காரருக்கான சிறுவேட்டை உரிமத்தை நானும் பணம் கட்டி வாங்கிக்கொண்டேன்.

போர் என்றாலும், அமெரிக்கர் சொல்லும் கேஜ் என்றாலும் பொருள் ஒன்றே. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். இருபது உருண்டைகளாக உருட்டினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். எண் கூடக் கூட ஓட்டை குறைவது இதனால்தான். மில்லிமீட்டரில் சொன்னால் பன்னிரண்டு ஏறக்குறைய 18.5, பதினாறு 16.8, இருபது 15.6, இருபத்தெட்டு 14. இந்தக் கணக்குக்குள் வராத ஒரே பிள்ளை .410; அது அங்குலத்தில் சொன்ன குழல் விட்டம், அதாவது 10.4 மில்லிமீட்டர். உருண்டைக் கணக்கில் பார்த்தால் அது அறுபத்தேழு போருக்குப் பக்கத்தில் வரும். எங்கள் ஊரில் "நானூத்திப்பத்துன்னா பெருசாத்தானே இருக்கும்" என்று ஒருவர் வாதாடியது நினைவுக்கு வருகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு தவறான எண்ணம் என்னிடமே இருந்தது. பன்னிரண்டு போரின் ரவை, சிறிய போரின் ரவையைவிடப் பலமாகத் தைக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அது உண்மையில்லை. ரவையின் பருமனை எண்ணால் சொல்வார்கள்; ஒரே எண் கொண்ட ரவை, எந்தக் குழலிலிருந்து வந்தாலும், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் புறப்படுகிறது. ஆறாம் நம்பர் ரவை ஒன்று முயலின் மேல் பட்டால், அது வந்த குழல் எதுவென்று முயலுக்குத் தெரியாது. மாறுவது எண்ணிக்கை. அமெரிக்க ஆறாம் நம்பரில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 225 ரவைகள். பன்னிரண்டில் வழக்கமான 32 கிராம் பாரத்தில், அதாவது தோட்டாவில் உள்ள ரவைகளின் மொத்த எடை அவ்வளவு என்றால், சுமார் 253 ரவைகள் இருக்கும். இருபதில் 28 கிராம் பாரத்தில் 225, அதைவிட இலேசான 25 கிராம் பாரத்தில் 197. ஃபோர்-டென்னில் மூன்று அங்குலத் தோட்டா என்றால் 155, இரண்டரை அங்குலம் என்றால் 112. இந்த ஐந்து எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பன்னிரண்டிலிருந்து இருபதுக்கு இறங்கும்போது கையை விட்டுப் போவது வெறும் 28 ரவைகள். அங்கிருந்து ஃபோர்-டென்னுக்கு இறங்கும்போது போவது எழுபது.

ஒற்றைக்குழல் என்பதால் இந்த எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. ரெட்டைக்குழல்காரருக்கு இரண்டாவது வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. நமக்கு, குழலை மடக்கி, வெற்றுத் தோட்டாவை எடுத்து, புதியதைப் போட்டு, மூடி, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் குதிரையை இழுத்து நிறுத்துவதற்குள் முயல் வேலி தாண்டிவிடும். முதல் வெடியே கடைசி வெடி. ஆகவே அந்த ஒரு வெடியில் ரவைக் கூட்டம் நெருக்கமாகப் போய் விழ வேண்டும். அதே சமயம், வெடிக்கும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளாத அளவுக்குத் துப்பாக்கி சாதுவாகவும் இருக்க வேண்டும்.

உதை என்று சொல்லும்போது என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உரிமம் என் பெயருக்கு மாறிய புதிதில், மதுரையில் ஒரு கடையில் தோட்டா வாங்கினேன். கடைக்காரர் குழலின் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் துப்பாக்கி பழையது. அதன் அறை 65 மில்லிமீட்டர். கொடுக்கப்பட்ட தோட்டா 70. இதில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் அது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால், 70 மில்லிமீட்டர்த் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் அம்சமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். குழலும் சிரமமில்லாமல் மூடும். வெடிக்கும்போதுதான் விரிகிற வாய்க்கு இடம் போதாமல், குழல் குறுகும் இடத்தில் அது நீட்டிக்கொண்டு, அழுத்தம் ஏறுகிறது. அன்று மாலை பன்றி விரட்டக் கிணற்று மேட்டில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்ட ஒரே வெடியில் வலது தோள் கன்றிப்போய், வெற்றுத் தோட்டா அறையை விட்டு வர மறுத்து, கடைசியில் மூங்கில் குச்சியை வாய்ப்பக்கமாக விட்டுத் தட்டி எடுத்தேன். மூன்று நாள் சோற்றை இடது கையால் சாப்பிட்டதற்கு அம்மா கேட்ட கேள்விகளைச் சொல்லத் தேவையில்லை. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலின் அடியில் உள்ள முத்திரைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தாவது படித்து, 65ஆ 70ஆ என்று தெரிந்துகொண்ட பிறகே தோட்டாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இரண்டரை அங்குலம் என்று இருந்தால் அது 65. இரண்டேமுக்கால் என்றால் 70. மூன்று என்றால் 76.

மிசௌரியில் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்ட பன்னிரண்டும் உதைத்தது. அங்கே அக்கம்பக்கத்தாரிடமும் நண்பர்களிடமும் இரவல் வாங்கிய மூன்று துப்பாக்கிகளும் ஒற்றைக்குழல், வெளிக்குதிரை, குழலை மடக்கித் தோட்டா போடும் வகை. எந்தக் கம்பெனியின் சரக்கு என்று எழுதப் போவதில்லை. நான் எடை போடுவது குழலின் அளவை. ஒற்றைக்குழலின் பெரிய நன்மை அதன் இலேசு. பன்னிரண்டு போரில் அதுவே அதன் தொல்லையாகவும் மாறுகிறது. ரெட்டைக்குழலோ பம்ப் வகையோ தன் எடையால் உதையில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். மூன்று கிலோவுக்கும் குறைவான ஒற்றைக்குழலில் அந்தத் தாங்கல் இல்லை. 32 கிராம் பாரமுள்ள பன்னிரண்டின் உதை, அதே தரத்து ஒற்றைக்குழலில் 25 கிராம் பாரமுள்ள இருபதின் உதையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போட்டால் வருகிறது. தோளும் அதையேதான் சொன்னது. அக்கா மகனின் மனைவி பன்னிரண்டை ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு, "மாமா, இது உங்களுக்கே இருக்கட்டும்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதே பெண் இருபதில் ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

சுடுதளத்தில் நாங்கள் செய்தது மிக எளிய சோதனை. ஆள் அகலக் காகிதத்தை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, 25 கஜத்திலும் 35 கஜத்திலும் சுட்டு, ரவைகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து எண்ணினோம். 40 கஜத்தில் இந்த வட்டத்துக்குள் விழும் ரவைகளின் விழுக்காட்டைக் கொண்டுதான் குழல் வாயின் இறுக்கத்தை, அதாவது ரவைகள் சிதறாமல் போக வாயைக் குறுக்கியிருக்கும் அளவை, அளக்கிறார்கள். முழு இறுக்கம் என்றால் எழுபது விழுக்காடு, பாதி இறுக்கம் அறுபது, இறுக்கமே இல்லாத நேர்க்குழல் நாற்பது. எங்களுடைய மூன்றில் பன்னிரண்டும் இருபதும் பாதி இறுக்கம், ஃபோர்-டென் முழு இறுக்கம். வட்டத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், அட்டையில் வெட்டிய அணில் உருவத்தைக் காகிதத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்து, தலைக்கும் மார்புக்கும் எத்தனை ரவைகள் கிடைக்கின்றன என்று பார்த்தோம். உண்மை அங்கேதான் வெளிப்பட்டது. வட்டக் கணக்கில் மூன்றும் ஏதோ தேறியவைபோலத் தெரிந்தாலும், 35 கஜத்தில் ஃபோர்-டென்னின் காகிதத்தில் அட்டை அணிலைச் சில இடங்களில் வைத்தபோது ஒரே ஒரு ரவை மட்டும் அதன் மேல் விழுந்திருந்தது; ஓரிடத்தில் வால் நுனியில் ஒன்று, அவ்வளவுதான். இருபதின் காகிதத்தில் அணிலை எங்கே வைத்தாலும் மூன்று, நான்கு கிடைத்தன. பன்னிரண்டிலும் அப்படியே; ஓரிரண்டு கூட இருந்திருக்கலாம், அந்த ஓரிரண்டுக்காகத் தோளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஃபோர்-டென்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கற்பவருக்கு அதைத்தான் எல்லோரும் கை காட்டுகிறார்கள். உதை இல்லை, சத்தம் குறைவு, தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடக்கலாம், பிள்ளைகள் கூடச் சுடலாம் என்பதெல்லாம் மெய். ஆனால் மெல்லிய குழலுக்குள் ரவைகள் நீளமான தூணாக அடுக்கப்பட்டிருப்பதால், அடியில் உள்ளவை நசுங்குகின்றன, ஓரத்தில் உள்ளவை குழலில் உராய்ந்து உருக் கெடுகின்றன. உருக் கெட்ட ரவை நேராகப் போகாது. ஏற்கெனவே குறைவான எண்ணிக்கையில் இப்படியும் சேதாரம் போனால், காயம்பட்ட விலங்கு ஓடிப் புதரில் ஒளிந்து செத்துப்போகும் வாய்ப்புதான் கூடுகிறது. கை தேர்ந்தவர், 25 கஜத்துக்குள் அணில் அசையாமல் உட்காரும் வரை காத்திருக்கும் பொறுமை உள்ளவர், இதை வைத்துக்கொண்டு அழகாக வேட்டையாடுவார். எங்களுக்கு இரவல் கொடுத்த முதியவர் அப்படிப்பட்டவர். பழகாதவன் கையில் அது பொறுமையையும் கெடுக்கும், விலங்கையும் வதைக்கும். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ஃபோர்-டென் தோட்டாப் பெட்டி, பன்னிரண்டையும் இருபதையும்விட விலை அதிகம். ஈயம் பாதி, பணம் கூட.

அணில் வேட்டை என்றதும் வீட்டில் எழுந்த எதிர்ப்பையும் பதிவு செய்துவிடுகிறேன். மூன்று கோடு ராமர் தடவியது என்று வளர்ந்த நாங்கள் அணிலைக் குறிபார்ப்பதா என்று என் மனைவி காணொளியில் சண்டை பிடித்தாள். அங்குள்ளது முதுகில் கோடில்லாத, நம் அணிலைப்போலப் பல மடங்கு பெரிய சாம்பல் அணிலும் செம்பழுப்பு நரி அணிலும் என்று விளக்கிய பிறகும் அவள் முழுதாகச் சமாதானமாகவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் மலையில், சாம்பல் நிற மலை அணிலுக்கென்றே 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து போனவன் அணிலுக்குத் தோட்டா எண்ணிக்கொண்டிருந்தது எனக்கே வினோதமாகத்தான் இருந்தது.

காட்டில் இருபதுதான் எங்களுக்குச் சரியாக வந்தது. நவம்பரில் இலை உதிர்ந்த ஹிக்கரி மரங்களில் அணில் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. கொட்டை கடித்துப் போடும் தோல் சருகின் மேல் விழும் சத்தத்தைக் கேட்டுத்தான் மரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே 30 கஜம் என்பது சாதாரணத் தூரம், இருபதில் 28 கிராம் ஆறாம் நம்பர் அதற்குப் போதும் போதும் என்று இருந்தது. முயல் வேறு மாதிரி. அது காலடியிலிருந்து கிளம்பி வளைந்து ஓடுவதால், பெரும்பாலும் 20 கஜத்துக்குள் சுட வேண்டியிருக்கிறது. இறுக்கமான குழலில் அவ்வளவு கிட்டத்தில் சுட்டால் கறி சின்னாபின்னமாகிவிடும். அக்கா மகன் முதல் முயலை இரவல் பன்னிரண்டில் பதினைந்து கஜத்தில் அடித்தான். பின்னங்கால் இரண்டும் குழம்புக்கு ஆகாமல் போயின. இருபதில் பாதி இறுக்கத்தைவிடச் சற்றுத் தளர்ந்த வாயும், 25 கிராம் பாரமும் முயலுக்கு உகந்தவை. வாயில் திருகி மாற்றும் வளையம் உள்ள துப்பாக்கி கிடைத்தால் இந்த இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும். பழைய ஒற்றைக்குழல்களில் பெரும்பாலும் வாய் நிலையாகச் செதுக்கப்பட்டிருக்கும், அப்படியானால் பாதி இறுக்கமே நடுத்தரமான தேர்வு.

ரவை எண்ணைப் பற்றி நம்மூர் ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுத் தோட்டாவின் வழக்கு பிரிட்டிஷ் வழி வந்தது. எல்ஜி, எஸ்ஜி, ட்ரிபிள் ஏ, பிபி என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி எண்களுக்கு வரும். பிரிட்டிஷ் ஆறாம் நம்பரில் அவுன்சுக்கு 270 ரவைகள். அமெரிக்க ஆறில் 225. ஒரே எண், வேறு வேறு பருமன். நான் ஊர்ப் பழக்கத்தில் ஆறு என்று சொல்லிக் கேட்டது அங்கே கொஞ்சம் தடித்த ரவையாக வந்ததில் நஷ்டமில்லை. அணிலின் தோல் தடிப்பானது, அதற்கு அந்தப் பருமன் பொருத்தமே. ஏழரை நம்பர் காடைக்கும், பறக்கவிட்டுச் சுடும் களிமண் தட்டுக்கும் ஏற்றது. அதை அணிலில் பயன்படுத்தியவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பல் மருத்துவர் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாம் நம்பரிலேயே, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டு அக்கா மகனின் மனைவி செய்த முயல் வறுவலில் எனக்கு ஒரு ரவை கடைவாயில் அகப்பட்டது. சுத்தம் செய்யும்போது ரோமம் உள்ளே இழுபட்டிருக்கும் ஓட்டைகளைத் தேடிப் பார்த்தால், அதன் முடிவில் ரவை இருக்கும் என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டோம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை செய்துவிட்டார்கள்; சில பொது நிலங்களில் சிறுவேட்டைக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு, போகும் இடத்தின் விதியைப் படித்துக்கொள்வது நல்லது.

இருபத்தெட்டு போர் சுடுவதற்கு இனிமையானது என்கிறார்கள். தோட்டா விலையைப் பார்த்ததும் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பதினாறைப் பற்றி எனக்கு ஊர் அனுபவம் உண்டு. எழுமலைப் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் பாட்டன் காலத்துப் பதினாறு போர் ஒன்று இருக்கிறது. கையில் எடுத்தால் பூப்போல இருக்கும். தோளில் வைத்தால் அதுவாகவே கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பன்னிரண்டின் கனமும் இருபதின் மெலிவும் இல்லாத அந்த அளவைப்போல எனக்குப் பிடித்தது வேறில்லை. ஆனால் தோட்டா கிடைப்பதில்லை. மதுரையிலும் கேட்டாகிவிட்டது, திருச்சியிலும் கேட்டாகிவிட்டது. தோட்டா இல்லாத துப்பாக்கிக்கும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் அதையும் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துச் சித்தப்பா அதை மணப்பெண் போல வைத்திருக்கிறார். அது சுட்டு இருபது ஆண்டாயிற்று.

இருபது வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆபத்து இருக்கிறது. அதை விற்பவர்கள் எல்லோரும் சொல்வதில்லை. இருபது போர்த் தோட்டா பன்னிரண்டு போர் அறைக்குள் தவறி விழுந்தால் வெளியே வராது. முன்னால் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கி நின்றுவிடும். அறை காலியாகத் தெரிவதால், போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பன்னிரண்டு போர்த் தோட்டாவை அதன் பின்னால் போட்டுச் சுட்டால், குழல் இடது கைக்கு மேலேயே வெடித்துச் சிதறும். இருபது போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு அளவும் இருக்கும் வீட்டில் தோட்டாக்களை வேறு வேறு பையில் வைப்பதோடு, ஒரே நாளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பாமல் இருப்பது உத்தமம். நாங்கள் சுடுதளத்திலும் ஒன்றைப் பெட்டியில் பூட்டிய பிறகே அடுத்ததைத் திறந்தோம். குதிரையிலும் கவனம் வேண்டும். புதிய ஒற்றைக்குழல்களில் விசையை முழுவதும் இழுத்தால் மட்டுமே அடியை ஊசிக்குக் கடத்தும் இடைத்தகடு உண்டு. என் தாத்தாவின் துப்பாக்கியில் அது கிடையாது, குதிரை நேரே ஊசியின் மேல் உட்காரும். தோட்டா போட்ட நிலையில் கட்டைவிரலால் குதிரையை மெல்ல இறக்கும்போது விரல் வழுக்கினால் வெடித்துவிடும். பழைய ஒற்றைக்குழலில் குதிரையை இறக்க வேண்டுமானால் முதலில் குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துவிடுவதே வழி.

வாங்கியதைப் பற்றி: அக்கா மகனுக்குக் கிடைத்தது 26 அங்குலக் குழலும், மூன்று அங்குல அறையும் கொண்ட பழைய இருபது. அமெரிக்கச் சந்தையில் நெடுங்காலம் ஏழை வீட்டுத் துப்பாக்கியாக விற்ற எச் அண்ட் ஆர் ஒற்றைக்குழல்களின் தயாரிப்பு 2015இல் நின்றுவிட்டதால், புதிதாக வேண்டுவோர் ஹென்றி, ஸ்டீவன்ஸ் போன்ற பெயர்களைத்தான் தேடுகிறார்கள். அவற்றில் பன்னிரண்டு, இருபது, ஃபோர்-டென் மூன்றும் உண்டு. மூன்று அங்குல அறை இருக்கிறதே என்று மூன்று அங்குலத் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்பதில்லை. அதைப் போட்டால் இருபதும் பன்னிரண்டுபோல உதைக்கும். முயலுக்கு அது வேண்டாத வேலை. வாங்கும் முன் குழலை மடக்கி மூடிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. தோளுக்கும் விசைக்கும் இடையிலான கட்டை நீளம் அவனுக்குச் சரி, அவன் மனைவிக்கு ஓர் அங்குலம் அதிகம். குளிருக்குத் தடித்த மேலாடை போட்டதும் அது இன்னும் கூடியது. ரப்பர் பட்டையைக் கழற்றி, கட்டையைச் சிறிது அறுத்துத் திரும்பப் பொருத்தினோம். அதன் பிறகு அதை அவள்தான் எடுத்துக்கொண்டு போகிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மதுரைப் பக்கத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டிருக்கும் ஒருவர் என்னிடம் வந்து எந்த போர் என்று கேட்டால், பன்னிரண்டு என்றுதான் சொல்வேன். இங்கே குறிபார்ப்பதைவிடச் சத்தமே வேலை செய்கிறது. புனே கட்கித் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா கடையில் கேட்டால் கிடைப்பது பன்னிரண்டில்தான். ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று உரிமத்தில் எழுதியிருக்கும் வரம்புக்குள் வாங்கி, புத்தகத்தில் பதிந்து, அதிலும் பாதியைச் சுடாமலே வைத்திருக்கும் நமக்கு, இருபதின் நயம் எட்டாத நயம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டு துப்பாக்கிகள்தான் என்பதால், ஆசைக்கு ஒன்று என்று எடுத்து வைக்கவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற முறை உரிமம் புதுப்பிக்கப் போயிருந்தபோது, அலுவலகத்தில் படிவத்தைச் சரிபார்த்த இளைஞர் ஆயுத விவரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். ஒரு கணம் அந்த மஞ்சள் தோட்டா கண்ணுக்குள் வந்தது. பிறகு "பன்னிரண்டு போர், ஒற்றைக்குழல், அறை 65 மில்லிமீட்டர்" என்று சொல்லி, கடைசி வார்த்தையைப் படிவத்தில் எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இடம் இல்லை என்றார்.